இரண்டு அட்டைகளையும் சேர்த்து நீட்டியவர்

நான் கைத்துப்பாக்கி எதையும் தொட்டதில்லை. குளியலறையில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள். ஆனாலும் கைத்துப்பாக்கி லைசென்ஸ் பற்றி யாராவது கேட்டால் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் அரை மணித்தியாலம் விளக்கத் தயாராக இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த யுத்த வருஷங்களில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்படியொரு விஷயத்தை வாய்திறந்து விசாரிக்கிற தமிழன் என்னைத் தவிர வேறு யாரும் இருந்திருக்கவும் மாட்டான்.

விசாரிப்பதுதான் என் தொழில். ஆயுள் காப்புறுதி விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் கொழும்புத் தமிழருக்கு ஆயுள் காப்புறுதி விற்பது கொட்டும் மழைக்குள் நின்று குடை விற்பது போன்றது. எல்லோருக்கும் தேவை, நின்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. நின்றவர்களிடம் நான் எல்லாவற்றையும் கேட்பேன். தகப்பன் எதில் செத்தவர், சீனி வருத்தம் உண்டா, இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள். கேட்டுக் கேட்டுப் பழகி, கடைசியில் பாலிசிக்குத் தேவையில்லாததையும் கேட்கத் தொடங்கிவிட்டேன். இந்தக் குணத்தை என் மனைவி விடுப்புப் புடுங்குறது என்பாள். நான் அதைத் தொழில் அக்கறை என்பேன்.

கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒரு முதலாளிதான் இந்தத் துப்பாக்கிப் பாடத்தின் முதல் பாதியை எனக்குத் தந்தவர். தகப்பன் காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து, ஆணி விற்றுத் தொடங்கிய குடும்பம். உயிருக்கு ஏதும் ஆபத்து இருக்கிறதா என்று நான் வழக்கம்போலக் கேட்டபோது, தன்னிடம் லைசென்ஸோடு ஒரு பிஸ்டல் இருப்பதாகச் சொன்னார். சுருட்டு இருக்கிறது என்பது போலச் சொன்னார். அன்றைக்கு நான் பாலிசியை மறந்துவிட்டேன்.

எப்படிக் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று துளைத்து எடுத்தேன். வேட்டைத் துப்பாக்கி மாதிரி இல்லையாம். பிஸ்டல் என்றால் கடிதம் பாதுகாப்பு அமைச்சு வரை ஏற வேண்டுமாம். எதற்கு வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும். கள்ளர் வந்த கதை, மிரட்டல் வந்த கதை எல்லாம் சொல்லி நம்பவைக்க வேண்டும். பொலிஸ் வந்து பக்கத்துக் கடைகளில் இவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டுப் போகும். எல்லாம் சரிவந்தால் லைசென்ஸ் வரும், அதில் அந்தப் பிஸ்டலின் இலக்கம் எழுதியிருக்கும். அந்த இலக்கத்துக்குரிய இரும்புக்கு மட்டும்தான் அந்தக் கடதாசி செல்லும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும்.

"துப்பாக்கி வாங்குறது கல்யாணம் கட்டுற மாதிரி தம்பி," என்றார். "கையில வர்ற வரைக்கும்தான் ஆசை. வந்த பொறவு அது எங்க இருக்கு, என்னா பண்ணுதுன்னு யாரு கேட்டாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். யுத்தம் சூடு பிடித்ததும், பாதுகாப்புக்காக எங்களிடம் தந்து வையுங்கள் என்று பொலிஸில் கேட்டார்களாம். கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தார். புதுப்பிக்காவிட்டால், பொலிஸுக்குள்ளேயே இருக்கிற பிஸ்டலுக்கு லைசென்ஸ் இல்லாத குற்றம் தன் தலையில் விழுமோ என்று அவருக்குப் பயம். கள்ளருக்குப் பயந்து பிஸ்டல் எடுத்தவர், பிறகு பிஸ்டலுக்குப் பயந்து கடதாசி வைத்திருந்தார்.

பாடத்தின் இரண்டாம் பாதி அமெரிக்காவிலிருந்து வந்தது. கொண்டு வந்தவர் என் மனைவியின் தமையன், என் மச்சான்.

மச்சான் இளம் வயதில் நாட்டை விட்டுப் போனவர். பல இடம் அலைந்து, டெக்சஸில் ஹியூஸ்டன் என்ற நகரத்தில் போய் நின்றார். அங்கே ஒப்பீஸ் வேலை என்று தாய்க்கு எழுதுவார். தாய், அதாவது என் மாமி, யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். போனதிலிருந்து மகனை அவர் பார்க்கவில்லை. அந்த வருஷம் எப்படியோ ஒரு வழி பிறந்தது. மாமிக்குக் கண்ணில் படலம் வளர்ந்திருந்தது. கண் வைத்தியத்துக்குக் கொழும்புக்குப் போக வேண்டும் என்று இராணுவ முகாமில் பயண அனுமதிக்கு மனுக் கொடுத்து, மாதக்கணக்காக அலைந்து, பாஸ் எடுத்தார். யுத்தத்தால் தரைப்பாதை மூடியிருந்தது. கப்பலில் திருகோணமலை, அங்கிருந்து பஸ். பாஸில் கொழும்பில் நிற்கக்கூடிய நாட்கள் எழுதியிருந்தன. மச்சானுக்குக் கிடைத்த லீவும் கொஞ்சம். இருவரின் நாட்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தது ஒரு கிழமை அளவில்தான். அதைத் தவறவிட்டால் அடுத்த பாஸ் எப்போது கிடைக்குமென்று யாருக்கும் தெரியாது. மாமியின் கண் அதுவரை தாங்குமா என்பதும் தெரியாது.

மச்சான் வந்திறங்கியதும் முதல் வேலையாகப் பொலிஸில் பதிந்தோம். எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம், யார் வந்து தங்குகிறார்கள் என்ற பதிவு இல்லாமல் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் விருந்தாளி ஓர் இரவு நித்திரை கொள்ள முடியாது. மச்சானுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "படுக்கிறதுக்கும் லைசென்ஸோ?" என்று கேட்டார். குறட்டைக்குத் தனி லைசென்ஸ் என்றேன்.

அன்று பின்னேரம் அவர் பேர்ஸைத் திறந்து எதையோ தேடியபோதுதான் அந்த அட்டை கீழே விழுந்தது. சாரதி லைசென்ஸ் போலவே இருந்தது. படம், பெயர், முகவரி. மேலே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தேன். கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கான அனுமதி.

மனைவி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கோ வெறுங்கையோடு வந்தவனுக்கு விருந்து வைத்த மாதிரி இருந்தது.

ஒரு வகுப்புக்குப் போக வேண்டுமாம். சட்டம் படிப்பிப்பார்கள், பரீட்சை வைப்பார்கள், விரலடையாளம் எடுப்பார்கள், பழைய குற்றம் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு ஆள் உருவம் போட்ட கடதாசியில் சுட்டுக் காட்ட வேண்டும். காரணம் கேட்க மாட்டார்களா என்றேன். கேட்க மாட்டார்களாம். எந்தப் பிஸ்டல் என்று அட்டையில் இலக்கமும் இல்லை, எந்த வகை என்று மட்டும் இருந்தது. லைசென்ஸ் ஆளுக்குத்தான், இரும்புக்கு இல்லை என்றார். கொட்டாஞ்சேனை முதலாளி கேட்டால் அழுதிருப்பார்.

எல்லா இடத்துக்கும் கொண்டு போகலாமா? முடியாது. பாடசாலைக்குள் போகக்கூடாது, நீதிமன்றத்துக்குள் போகக்கூடாது, குடிக்கிற இடத்துக்குள் போகக்கூடாது. பக்கத்து மாநிலத்துக்குப் பயணம் போனால்? அந்த மாநிலம் இந்த அட்டையை ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிலது ஒத்துக்கொள்ளும், சிலது பிடித்து உள்ளே போடும். ஆகவே காரில் நீண்ட பயணம் போகிறவன் ஒவ்வொரு எல்லையிலும் சட்டம் மாறுவதை நினைவில் வைத்திருக்க வேண்டும். எனக்குப் பாஸ் இல்லாமல் தாண்ட முடியாத வவுனியா எல்லை ஞாபகம் வந்தது.

எல்லாவற்றிலும் விசித்திரம், அந்தப் பிஸ்டல் வெளியே தெரியக்கூடாது என்பது. சட்டைக்குள் இருந்தால் சட்டப்படி சரி, சட்டை விலகித் தெரிந்தால் குற்றம். ஒளித்து வைப்பதுதான் அங்கே ஒழுங்கு. காலி வீதிச் சோதனைச் சாவடியில் மீன் வாங்கிய பையையும் திறந்து காட்டிப் பழகிய எனக்கு அன்று இரவு நெடுநேரம் இது பிடிபடவில்லை.

"பொலிசுக்கு மட்டும் ஒளிக்கக்கூடாது மச்சான்," என்றார். "அவன் ஐடென்ரிரி கேட்டால் சாரதி லைசென்சும் இதுவுமா ரெண்டு காட்டையும் சேர்த்துக் குடுக்கவேணும். கையை அவன் பாக்கிற இடத்திலை வச்சிருக்கவேணும். வகுப்பிலை இதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னவங்கள்."

பிஸ்டல் எங்கே என்று மெல்லக் கேட்டேன். ஹியூஸ்டனில், குசினி அலுமாரியில், அரிசி வாளிக்குப் பின்னால், பூட்டுப்போட்ட பெட்டிக்குள். சரி, அட்டையை ஏன் கொண்டு வந்தீர் என்று கேட்டேன். பேர்ஸில் இருந்தது, வந்துவிட்டது என்றார். அந்த இடத்தில் ஒரு புத்திசாலி, அதை எடுத்து அலுமாரியில் வையும் என்று சொல்லியிருப்பான். நான் மற்றப் பக்கத்தைத் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன்.

மாமி வரவேண்டிய நாள் வந்தது. திருகோணமலையிலிருந்து பஸ் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும். கூட வருகிற தெரிந்த ஆட்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. காலையிலிருந்து மச்சான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, அண்ணாவை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள் மனைவி. "நடந்து நடந்து கீழ்வீட்டுக்காரர் மேலை வரப்போகினம்."

எனக்கு உடனே ஒரு யோசனை உதித்தது. என் வாழ்க்கையில் உடனே உதித்த யோசனைகளைச் சேர்த்து வைத்தால் அதுவே ஒரு விபத்து அறிக்கையாக இருக்கும். கொட்டாஞ்சேனைக்குப் போவோம், முதலாளியின் லைசென்ஸையும் மச்சானின் லைசென்ஸையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றேன். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒப்பிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நல்ல நம்பிக்கை. அது சரிதான். மச்சானும் சம்மதித்தார். பாஸ்போட் தொலைந்தால் தொல்லை என்று அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பேர்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

ஓட்டோ கால்வாய்ப் பாலத்தடிச் செக்பொயின்ற்றில் நின்றது. ஒரு இளம் சிப்பாய் குனிந்து பார்த்து ஐ.சி., அடையாள அட்டை, கேட்டான். நான் என்னுடையதை நீட்டினேன். பக்கத்தில் மச்சான் பேர்ஸை வெளியே எடுப்பது தெரிந்தது. அமெரிக்காவில் பெரிய வீதியில் காரை மறித்த பொலிஸ்காரனுக்குக் கொடுப்பதுபோல, சாரதி லைசென்ஸையும் மற்ற அட்டையையும் விசிறிபோல விரித்து அழகாக நீட்டினார். பிறகு இரண்டு கைகளையும் ஓட்டோக்காரனின் ஆசனத்துக்குப் பின்னாலிருந்த கம்பியில் வைத்து, பத்து விரல்களையும் நன்றாகத் தெரியும்படி விரித்தார். முகத்தில் பணிவான சிரிப்பு. ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார்: ஐயா, துப்பாக்கி கொண்டு திரிய எனக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் இன்றைக்குக் கொண்டு வரவில்லை.

இன்றைக்கு என்ற சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று பிறகு பொலிஸ் நிலையத்து இன்ஸ்பெக்டரே சொன்னார்.

சிப்பாய் அட்டையை வாசித்தான். உதடு அசைந்தது. முழுவதும் விளங்கியிருக்காது. துப்பாக்கி விளங்கியது, என் ஐ.சி.யில் தமிழ்ப் பெயர் விளங்கியது. அவன் இரண்டடி பின்னால் போனான். ஓட்டோக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு, இவர்களை எனக்குத் தெரியாது, பாமன்கடைச் சந்தியில்தான் ஏறினார்கள் என்று கேட்காமலே சிங்களத்தில் சொல்லத் தொடங்கினான். நியாயம்தான். எனக்கும் மச்சானைத் தெரியாது என்று சொல்ல ஒரு கணம் ஆசை வந்தது.

நிலைமையை இலகுவாக்க நான் சிங்களத்தில் ஒரு பகிடி விட்டேன். இவருக்குக் கொசு அடிக்கவும் தெரியாது என்றேன். என் சிங்களம் கடைக்காரரோடு பேரம் பேசப் போதும், ஆயுதம் வைத்திருப்பவரைச் சிரிக்க வைக்கப் போதாது. ஜீப் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அந்த ஜீப்புக்குள் எனக்குப் பகிடி எதுவும் வரவில்லை. இதைவிடச் சின்னக் காரணங்களுக்கு ஏறிப்போன ஆட்கள் உண்டு. சிலரைப் பற்றிப் பிறகு யாரும் கதைக்கவில்லை. மச்சான் என் காதருகில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அம்மா வாறதுக்கிடையிலை விடுவாங்களோ?"

ஓம் என்றேன். காப்புறுதிக்காரன் பொய் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியும்.

பொலிஸில் ஒரு இன்ஸ்பெக்டர் எங்களை முன்னால் இருத்தினார். கண்ணாடி போட்ட, களைத்த முகம். அட்டையை மேசையில் வைத்து, கேட்டது ஒரே கேள்வி. "பிஸ்தோலய கோ?" பிஸ்டல் எங்கே. மச்சான் ஹியூஸ்டன் என்றார். அரிசி வாளியையும் விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் பிஸ்டலின் இலக்கம் எங்கே, இலக்கம் இல்லாமல் என்ன லைசென்ஸ், எந்தப் பிஸ்டலையும் இதைக் காட்டிக் கொண்டு திரியலாமா என்றார்.

எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. வகுப்பில் முன்வாங்கில் இருக்கிற பிள்ளை மாதிரி நான் கையை உயர்த்தாத குறை. மாத்தயா, இங்கே லைசென்ஸ் துப்பாக்கிக்கு, அங்கே ஆளுக்கு, என்று தொடங்கினேன். இங்கே பாதுகாப்பு அமைச்சு வரை போகவேண்டும், காரணம் காட்டவேண்டும், இலக்கம் இருக்கும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், பொலிஸில் கையளித்தால் ரசீது தருவார்கள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். இப்போது அவருடைய கண் மச்சானை விட்டு என்னிடம் வந்துவிட்டது.

காப்புறுதி விற்கிற தமிழனுக்கு நம்முடைய பிஸ்டல் சட்டம் இவ்வளவு எதற்குத் தெரிந்திருக்கிறது என்று மிகவும் அமைதியாகக் கேட்டார்.

ஆர்வம் என்றேன். சிங்களத்தில் அந்தச் சொல் வரவில்லை. ஆசை என்ற மாதிரி ஏதோ வந்துவிட்டது. கைத்துப்பாக்கிச் சட்டத்தில் ஆசை உள்ள ஆளை அவர் அதுவரை சந்தித்திருக்க மாட்டார்.

வேறு வழியில்லாமல் கொட்டாஞ்சேனை முதலாளியைச் சொன்னேன். கடையின் தொலைபேசி இலக்கம் என் டயறியில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அங்கேயே எடுத்தார். மறுபக்கம் முதலாளி பேசுவது எனக்குக் கேட்கவில்லை, இன்ஸ்பெக்டரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கேட்டார். பிறகு அவருடைய வாயின் ஓரம் அசைந்தது. முதலாளி சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். இந்த ஆள் எல்லாவற்றையும் கேட்பான் மாத்தயா, பிஸ்டலைப் பற்றி ஒரு பகல் முழுக்கக் கேட்டான், எங்கள் அம்மாவுக்கு மூலம் எத்தனை வருஷம் என்றும் கேட்டான், பாலிசி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

அது என்னைக் காப்பாற்றியது. மச்சானுக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது.

காரணம் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அங்கே காரணம் கேட்பதில்லை என்று மச்சான் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் கேட்காவிட்டால் பரவாயில்லை, நான் கேட்கிறேன் என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு மனிதன் சும்மா பிஸ்டல் வாங்க மாட்டான்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு தமிழில் என்னிடம் சொல்லத் தொடங்கினார். நான் சிங்களத்துக்கு மாற்றிக்கொண்டே போனேன். மாற்றும்போதுதான் எனக்கே தெரியவந்தது. ஒப்பீஸ் எதுவும் இல்லை. ஒரு பெற்றோல் செட்டோடு ஒட்டிய கடையில், காசுப் பெட்டிக்குப் பின்னால் நின்று செய்கிற வேலை. ஒருநாள் ஒரு பொடியன் வந்து பால் பெட்டி ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, பிஸ்டலை இவருடைய நெற்றியில் வைத்தான். இவர் காசை எடுத்துக் கொடுத்தார். அவன் போனான். போகும்போது பால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனான். அடுத்த கிழமை இவர் வகுப்பில் சேர்ந்தார்.

"நான் அதை ஒருநாளும் இடுப்பிலை கட்டினது இல்லை மச்சான்," என்றார். "கட்டினால் இன்னும் பயமாக் கிடக்கு. காட் மட்டும் பேர்ஸிலை இருந்தால் கொஞ்சம் தைரியம்."

இதையும் சிங்களத்தில் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவிடம் மட்டும் சொல்லிப்போடாதையும் என்று மச்சான் என் முழங்கையைப் பிடித்தார்.

ஆனாலும் பொலிஸ் பொலிஸ்தான். வீட்டைப் பார்க்க வேண்டும், பாஸ்போட்டைப் பார்க்க வேண்டும், சூட்கேஸைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதே ஜீப்பில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி வந்தோம். ஒழுங்கையின் ஜன்னல்கள் எல்லாம் திறந்து, பிறகு எல்லாம் மூடின. மனைவி கதவைத் திறந்து, முதலில் தமையனைப் பார்த்தாள், பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மூன்றாவது பார்வையில்தான் குற்றவாளி யார் என்று அவளுக்குத் தெளிவாயிற்று.

பாஸ்போட் சரி. பொலிஸ் பதிவில் விருந்தாளியின் பெயர் சரி. சூட்கேஸைத் திறந்தார்கள். சொக்லேட், ஷாம்பு, மாமிக்கு ஒரு கம்பளிச் சட்டை. அடியில் நான்காய் மடித்த பெரிய கடதாசி. சார்ஜன்ட் விரித்துப் பிடித்தார். கறுப்பு நிறத்தில் தலையும் தோளும் நெஞ்சுமாக ஒரு மனித உருவம். உடம்பெல்லாம் ஓட்டை.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். இதை எதற்கு ஐயா கொண்டு வந்தீர் என்று கேட்டேன். மச்சான் வெட்கத்தோடு, பரீட்சை பாஸ் பண்ணின கடதாசி, சும்மா உங்களுக்குக் காட்டத்தான், என்றார். பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டைக் காட்டுகிற வயது அவருக்கு இன்னும் தாண்டவில்லை.

இன்ஸ்பெக்டர் கடதாசியை வாங்கி மேசையில் விரித்தார். அவருக்கு இது தெரிந்த பாடம். நடுவில் நெருக்கமாக ஒரு கூட்டம் ஓட்டை. பிறகு தோள், காது, இடுப்பு. உருவத்துக்கு வெளியே, வெறும் வெள்ளைக் கடதாசியிலும் சில. எவ்வளவு தூரத்தில் நின்று சுட்டாய் என்று கேட்டார். முதலில் இந்த மேசைக்கும் அந்தக் கதவுக்கும் இடைப்பட்ட தூரம், நெஞ்சில் பட்டது அப்போதுதான் என்றார் மச்சான். பிறகு கொஞ்சம் தள்ளி. பிறகு இன்னும் தள்ளி. இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கடதாசியில் இருந்த ஓட்டை ஒன்றுக்குள் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்தார். இதற்கும் பாஸ் போட்டார்களா என்று கேட்டார். போட்டார்கள் என்றார் மச்சான். சார்ஜன்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அந்த நேரம்தான் மாமியை ஏற்றி வந்த வான் வாசலில் நின்றது.

மாமி படியேறி வந்தார். மெலிந்திருந்தார். வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்ததால் கண் சரியாகத் தெரியவில்லை போலும். காக்கிச் சட்டைதான் முதலில் தெரிந்திருக்கிறது. யாரும் எதையும் கேட்கவில்லை. அவர் பையை நிலத்தில் வைத்தார். கைப்பையைத் திறந்தார். ஐ.சி., முகாமில் கொடுத்த பாஸ், கிராம சேவகரின் கடிதம், கண் டொக்டரின் துண்டு, கப்பல் டிக்கெட் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, விசிறிபோல விரித்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். நீட்டிவிட்டு, இரண்டு வெறுங்கைகளையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக்கொண்டு நின்றார். விரல்கள் விரிந்திருந்தன.

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் தாயின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு கடதாசியாக வாசித்தார். வாசிக்கத் தேவையில்லாததையும் வாசித்தார். திருப்பி அடுக்கி, மாமியிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். பிறகு மச்சானின் சாரதி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, மற்ற அட்டையைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பயணம் போகிற அன்று வந்து வாங்கிக்கொள் என்றார். ஆளை விட்டுவிட்டு அட்டையைக் கைது செய்த அப்படியொரு நீதியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. வாசலில் என்னிடம் மட்டும், உன்னுடைய ஆசையைக் கொஞ்சம் குறை, என்றார்.

அவர்கள் போன பிறகுதான் மாமி மகன் நின்ற பக்கம் திரும்பினார். கையால் முகத்தைத் தடவிப் பார்த்தார். அழுகை, கட்டிப்பிடிப்பு எல்லாம் நடந்தது, அதை எழுத எனக்கு வராது. எல்லாம் ஓய்ந்த பிறகு மேசையில் விரிந்து கிடந்த கடதாசியை மாமி கண்டார். எடுத்து ஜன்னலடிக்குக் கொண்டு போய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஓட்டைகள் வழியே வெயில் அவருடைய சேலையில் புள்ளி புள்ளியாக விழுந்தது.

"இது ஆரின்ரை வேலை?"

நான் என்று ஒப்புக்கொண்டார் மச்சான். மாமி படலம் விழுந்த கண்ணைக் கடதாசியோடு ஒட்டி வைத்து, நடுவிலிருந்த ஓட்டைகளைத் தடவினார், பிறகு ஓரத்து ஓட்டைகளைத் தடவினார். நான் பகிடி ஒன்றை வாய்வரை கொண்டு வந்திருந்தேன்.

"கிட்ட நிண்டு சுட்டது சரி. தூரப் போகப் போகப் பிழைச்சிருக்கு," என்றார் மாமி. "உனக்குக் கண் தெரியேல்லை ராசா. நாளைக்கு என்னோடை டொக்டரிட்டை வா."

பம்பலப்பிட்டியில் ஒரு கண் டொக்டர். அடுத்த நாள் மூவரும் போனோம். மாமியைப் பார்த்து ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். மச்சானைப் பார்த்து, இவ்வளவு காலமும் இந்தக் கண்ணோடு எப்படிக் கார் ஓட்டினீர்கள் என்று டொக்டர் கேட்டார். இருவருக்கும் கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொண்டு இருக்கச் சொல்லி வாங்கில் இருத்தினார்கள். நான் நடுவில். தாயும் மகனும் தலையைச் சுவரில் சாய்த்து, மருந்து கன்னத்தில் வழிய, ஒரே மாதிரி வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து மாமி கண் திறக்காமல் கேட்டார்.

"ஆருக்குப் பயந்து அதை எடுத்தனி?"

மச்சானும் கண் திறக்கவில்லை. திறந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பெற்றோல் செட்டைச் சொன்னார். பொடியனையும் அவன் மேசையில் வைத்த பால் பெட்டியையும் சொன்னார். நெற்றியைச் சொல்லாமல், கிட்ட நீட்டினவன் என்று மட்டும் சொன்னார். ஒப்பீஸ் பொய் என்பதையும் தானாகவே சொன்னார்.

"பாலையும் கொண்டு போயிட்டானோ," என்று கேட்டார் மாமி.

"ஓம் அம்மா."

"பசியாக்கும்," என்றார் மாமி. பிறகு என் மடிக்கு மேலாகக் கையை நீட்டித் துழாவினார். மச்சானும் அந்தப் பக்கத்திலிருந்து துழாவினார். இரண்டு கைகளும் என் சட்டைப் பொத்தானுக்கு முன்னால் சந்தித்து, அங்கேயே நின்றுகொண்டன. அசைய வழியில்லாமல் நான் நடுவில் இருந்தேன். மாமியின் பாஸ், ஐ.சி., கிராம சேவகரின் கடிதம், மச்சானின் பாஸ்போட், வீட்டுப் பொலிஸ் பதிவு எல்லாம் என் மடியில்தான் கிடந்தன. வெளியே காலி வீதியில் ஒரு ஜீப் வேகம் குறைத்தது. யாராவது உள்ளே வந்து கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்தே நீட்டுவது என்று, விரல்களை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.